கீறியது காணாமல் போனால்: இங்க்ஸ்கேப் தொடங்குகிறவர்களுக்கு

வருடம் பிறந்தால் பள்ளிக்கூடங்களில் இல்ல மெய்வல்லுனர் போட்டி, வைகாசி வந்தால் வற்றாப்பளைப் பொங்கலுக்குப் போகிற வழியெல்லாம் தாகசாந்திப் பந்தல், இடையில் கழகங்களின் கரப்பந்தாட்டம், உதைபந்தாட்டம். ஒவ்வொன்றுக்கும் ஒரு பனர் வேண்டும், ஒரு சின்னம் வேண்டும், ஜேர்சியில் போட ஒரு இலச்சினை வேண்டும். கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் புதுக்குடியிருப்பிலும் இதையெல்லாம் வீட்டிலிருந்தே மடிக்கணினியில் கீறிக் கொடுக்கப் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களில் புதிதாகத் தொடங்கியவர்கள் முதல் மாதத்தில் மாட்டுப்படுகிற இடங்கள் ஏறக்குறைய ஒன்றுதான், அதனால் அவற்றை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

நான் சொல்லப்போவது இங்க்ஸ்கேப் என்ற படம் கீறும் மென்பொருளை வைத்து. கடைகளில் கோரல்ட்ரோவும் இல்லஸ்ட்ரேட்டரும் ஓடலாம், அதற்காகக் களவு நகல் ஒன்றை ஏற்றி அதோடு வைரசையும் ஏற்றிக்கொள்ளத் தேவையில்லை. இங்க்ஸ்கேப் 2003இல் சோடிபோடி என்ற மென்பொருளிலிருந்து பிரிந்து வந்தது, இலவசம், நேர்மையாகப் பாவிக்கலாம். ஒரு விஷயம் மட்டும்: யாரோ பென்ட்ரைவில் தந்த 0.92 பதிப்பை வைத்திருந்தால் மாற்றிவிடுங்கள். 2020இல் வந்த 1.0க்குப் பிறகு மெனுக்களும் பெட்டிகளும் நிறைய மாறிவிட்டன, யூடியூபில் ஒருவர் சொல்கிற பொத்தான் உங்களிடம் இல்லாமல் இருப்பதற்குப் பாதிக் காரணம் அதுதான்.

முதலில் கீழே பாருங்கள்

ஏதாவது நடக்கவில்லை என்றால் உடனே பத்து இடத்தில் கிளிக் பண்ணுவதுதான் எல்லோருடைய வழக்கமும். அதை விடுங்கள். ஜன்னலின் அடியில் ஒரு பட்டி ஓடுகிறது, அதில் இடப்பக்க மூலையில் நீங்கள் தெரிவு செய்த பொருளின் உள் நிறம், கோட்டு நிறம், அதன் ஒளிபுகாமை அளவு, எந்த லேயரில் (ஒன்றன்மேல் ஒன்றாக வைக்கிற தாள் போன்ற அடுக்கில்) நிற்கிறீர்கள் என்பது எல்லாம் இருக்கும். அதற்குப் பக்கத்தில் ஒரு வசனம் வரும். தெரிவு செய்தது செவ்வகமா, பாத்தா (புள்ளிகளை இணைத்துக் கீறின கோடா), எழுத்தா, குழுவா, படமா என்று அந்த வசனம் சொல்லும். ஒரு கட்டளை வேலை செய்யாவிட்டால் ஏன் செய்யவில்லை என்பதையும் பெரும்பாலும் அங்கேதான் சொல்லும். லேயர் பூட்டியிருக்கிறது, இரண்டு பாத் தெரிவு செய்ய வேண்டும், அடைபட்ட இடம் இல்லை, இப்படி. ஆங்கிலத்தில் சின்ன எழுத்தில் வருவதால் யாரும் வாசிப்பதில்லை. அதை வாசிக்கப் பழகினால் கீழே நான் எழுதுவதில் பாதி உங்களுக்குத் தேவைப்படாது.

கீறினேன், ஒன்றும் தெரியவில்லை

வட்டம் ஒன்று இழுத்தீர்கள், புள்ளிக் கோட்டுச் சட்டம் மட்டும் தெரிகிறது, வட்டம் இல்லை. பொருள் இருக்கிறது, நிறம்தான் இல்லை. கடைசியாக நீங்கள் பாவித்த நிறத்தையும் கோட்டையும்தான் இங்க்ஸ்கேப் புதுப் பொருளுக்குக் கொடுக்கும், கடைசியாக எதற்காவது உள் நிறத்தையும் கோட்டையும் எடுத்துவிட்டிருந்தால் அடுத்தது வெறுமையாகத்தான் பிறக்கும். கீழ் மூலையில் இரண்டிலும் 'நன்' (None, அதாவது ஒன்றுமில்லை) என்று இருக்கிறதா என்று பாருங்கள், பிறகு நிறப்பட்டியில் ஒரு நிறத்தைக் கிளிக் பண்ணினால் உள்ளே நிறம் வரும், ஷிஃப்ட்டை அழுத்திக்கொண்டு கிளிக் பண்ணினால் கோட்டுக்கு நிறம் வரும். நிறம் இருந்தும் தெரியாவிட்டால் ஒளிபுகாமை 0இல் இருக்கலாம். கண்ட்ரோல்-ஷிஃப்ட்-எஃப் அடித்து ஃபில் அண்ட் ஸ்ட்ரோக் பெட்டியைத் திறவுங்கள். அங்கே இரண்டு இடத்தில் பார்க்க வேண்டும்: அடியில் இருக்கிற மொத்த ஒளிபுகாமை ஒன்று, நிறத்துக்குள்ளேயே இருக்கிற ஆல்ஃபா இன்னொன்று. ஒன்றை 100 ஆக்கிவிட்டு மற்றதை மறப்பதுதான் வழமை.

படமே முழுதாகக் காணவில்லை என்றால் பெரும்பாலும் நீங்கள்தான் உருட்டி உருட்டி வேறெங்கோ போயிருப்பீர்கள். 5ஐ அடித்தால் தாள் முழுக்கத் தெரியும், 4ஐ அடித்தால் கீறியது எல்லாம், அது தாளுக்கு வெளியே எங்கே கிடந்தாலும், திரைக்குள் வரும். நிறங்கள் எல்லாம் மறைந்து மெல்லிய கோடுகள் மட்டும் தெரிந்தால் எதுவும் கெட்டுப்போகவில்லை, அவுட்லைன் பார்வைக்கு மாறிவிட்டீர்கள். வியூ மெனுவில் டிஸ்ப்ளே மோடை நோர்மலுக்குத் திருப்புங்கள்.

இந்த எண் விசைகள் வேலை செய்யாவிட்டால் இரண்டு காரணம் பாருங்கள். எழுத்துக் கருவிக்குள் நின்றால் 5 என்பது எழுத்தாகத்தான் விழும். மற்றது எங்கள் ஆட்களுக்கே உரியது: தமிழ்த் தட்டச்சை நிறுத்தாமல் விட்டிருப்பீர்கள். தமிழ் இயங்கிக்கொண்டிருக்கும்போது ஒற்றை எழுத்துக் குறுக்குவழிகள் வேலை செய்யாமல் போகலாம். ஆங்கிலத்துக்கு மாற்றிவிட்டுத் திரும்ப அடித்துப் பாருங்கள்.

தொட்டால் அசையவில்லை

லேயர் பூட்டியிருக்கும், அல்லது பொருள் ஒரு குழுவுக்குள் இருக்கும். லேயர்ஸ் அண்ட் ஒப்ஜெக்ட்ஸ் பெட்டியைத் திறந்தால் ஒவ்வொரு பொருளுக்கும் பக்கத்தில் கண்ணும் பூட்டும் இருக்கும், அங்கே விளங்கிவிடும். குழுவைப் பிரிக்காமலே உள்ளிருக்கிற ஒன்றை மட்டும் எடுக்க கண்ட்ரோலோடு கிளிக், மேலே இருப்பதற்கு அடியில் மறைந்திருப்பதைப் பிடிக்க ஆல்ட்டோடு கிளிக். மூலைகளில் அம்புகள் வளைந்து வந்துவிட்டன, பெருப்பிக்க முடியவில்லை என்றால், இரண்டு தரம் கிளிக் பண்ணியிருக்கிறீர்கள், அது சுழற்றும் நிலை. இன்னொரு தரம் கிளிக் பண்ணுங்கள்.

நெற்கதிர் ஒன்று கீறுவோம்

எங்கள் பக்கத்துக் கழகச் சின்னம் என்றால் குளம், நெற்கதிர், சூரியன், பந்து, இவற்றில் குறைந்தது இரண்டு இருக்கும். நெற்கதிர் நல்ல பயிற்சி, ஏனென்றால் தொடங்குகிறவருக்கு வரக்கூடிய பிழைகள் முக்கால்வாசி அந்த ஒரு நெல்மணிக்குள்ளேயே வந்துவிடும்.

B விசையில் வரும் பேனாக் கருவியால், அடியில் ஒரு கிளிக், நடுவில் இழுத்து ஒரு வளைவு, நுனியில் ஒரு கிளிக், மறுபக்கம் அதேபோல இறங்கி வந்து தொடங்கின புள்ளியிலேயே முடிக்க வேண்டும். அந்தக் கடைசிப் புள்ளிக்கு மேலே போகும்போது அது நிறம் மாறிக் காட்டும், அப்போது கிளிக் பண்ணினால்தான் பாத் மூடும். கொஞ்சம் தள்ளிக் கிளிக் பண்ணினால் கண்ணுக்கு மூடின மாதிரி இருக்கும், உண்மையில் திறந்தே கிடக்கும். உள் நிறம் கொடுத்தால் அப்போதும் நிரம்பும் (இரண்டு முனைக்கும் நடுவில் நேர்கோடு இருப்பதாக எண்ணிக்கொண்டு அது நிரப்பும்), அதனால் பிழை தெரியாது. கோட்டைத் தடிப்பாக்கினால்தான் அடியில் ஒரு வெடிப்புத் தெரியும். N விசையை அடித்து முனைக் கருவிக்கு வாருங்கள், பெரிதாக்கிப் பாருங்கள், இரண்டு புள்ளி பக்கத்துப் பக்கத்தில் நிற்கும். இரண்டையும் சுற்றி ஒரு பெட்டி இழுத்துத் தெரிவு செய்து ஷிஃப்ட்-ஜே அடித்தால் ஒன்றாகும். மணி ஒரு பக்கம் புடைத்து ஒரு பக்கம் சப்பையாக இருந்தால் புள்ளிகளைக் கூட்டாதீர்கள், இருக்கிற புள்ளியின் கைபிடியை இழுத்துச் சரிப்படுத்துங்கள். ஒரு நெல்மணிக்கு நான்கு புள்ளிக்கு மேல் தேவையில்லை. புள்ளி குறைந்தால்தான் வளைவு வடிவாக வரும், இதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை.

பக்கெட் கருவியால் நிறம் ஊற்றுவதைத் தொடக்கத்திலேயே பழக்கமாக்க வேண்டாம். அது உங்கள் பாத்தை நிரப்புவதில்லை, திரையில் தெரிகிற உருவத்தைப் பார்த்து அதன்மேல் புதுப் பொருள் ஒன்றை உண்டாக்குகிறது. அதனால்தான் ஓரத்தில் மெல்லிய வெள்ளைக் கீற்று நிற்கிறது, அதனால்தான் பெருப்பித்த நிலையில் ஒரு மாதிரியும் சிறுப்பித்த நிலையில் இன்னொரு மாதிரியும் வருகிறது.

ஒரு மணி சரியானால் மற்றவற்றைக் கீறத் தேவையில்லை. மணியை இரண்டு தரம் கிளிக் பண்ணினால் நடுவில் ஒரு சின்னச் சிலுவை வரும், அதை மணியின் அடிக்கு இழுத்து வையுங்கள், பிறகு மூலை அம்பைப் பிடித்துச் சுழற்றிக்கொண்டே ஸ்பேஸ் விசையை அடித்தால் அடிக்கிற ஒவ்வொரு இடத்திலும் ஒரு நகல் விழும். கண்ட்ரோலையும் பிடித்தால் 15 பாகை 15 பாகையாகத் திரும்பும்.

வெட்டவும் ஒட்டவும் மறுத்தால்

சூரியனின் கீழ்ப்பாதியைக் குளத்து நீர்மட்டத்தோடு வெட்ட வேண்டும். பாத் மெனுவில் டிஃபரன்ஸ். இது மேலே இருப்பதைக் கத்தியாக எடுத்துக் கீழே இருப்பதை வெட்டும், அதனால் மறுபக்கம் வெட்டுப்பட்டால் அடுக்கின் வரிசை மாறியிருக்கிறது. இரண்டே இரண்டு பொருள் தெரிவில் இருக்க வேண்டும், மூன்று இருந்தால் கீழ்ப்பட்டி மறுப்பைச் சொல்லும். கமராவில் எடுத்த படத்தை இதால் வெட்ட ஏலாது, அது பாத் இல்லை, அதற்கு வழி வேறு, பிறகு சொல்கிறேன். செவ்வகத்தின் ஒரு மூலையை மட்டும் இழுக்க முடியவில்லை என்று கேட்பவர்களுக்கும் பதில் இதேதான்: செவ்வகம் செவ்வகமாக இருக்கும்வரை அது செவ்வகமாகத்தான் நடந்துகொள்ளும், கண்ட்ரோல்-ஷிஃப்ட்-சீ அடித்துப் பாத் ஆக்கினால் மூலைகள் தனித்தனிப் புள்ளிகளாகும்.

அப்புறம் சின்னத்தை ஜேர்சி அளவுக்குச் சிறுப்பிக்கும்போது கோடு மட்டும் தடிப்பாகவே நின்றுவிடுகிறதா? தெரிவுக் கருவியில் நிற்கும்போது மேல்பட்டியின் வலப்பக்கத்தில் நான்கு சின்னப் பொத்தான்கள் இருக்கும், முதலாவது கோட்டுத் தடிப்பும் சேர்ந்து மாறவேண்டுமா என்பதற்கானது. அமுக்கிவிடுங்கள்.

தமிழ் எழுத்து

இதில்தான் எங்கள் பிள்ளைகளுக்கு அதிக நேரம் போகிறது, இதைப் பற்றித் தமிழில் எழுதியிருப்பவர்களும் குறைவு, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

அச்சகத்தில் இருந்து வந்த பழைய ஃபைலைத் திறந்தால் அம்மன் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்து ஏதோ இருக்கிறதா? அது பாமினியில் தட்டியது. பாமினி எழுத்துரு உள்ளுக்குள் ஆங்கில எழுத்துகளைத்தான் வைத்திருக்கும், அவற்றுக்குத் தமிழ் உருவத்தைப் போர்த்திக் காட்டும். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் போர்வை இல்லை, அவ்வளவுதான். பாமினியை ஏற்றினால் திரும்பத் தமிழாகத் தெரியும். ஆனால் புதிதாகச் செய்கிற எதையும் யுனிகோடில் (தமிழ் எழுத்தைத் தமிழ் எழுத்தாகவே வைத்திருக்கும் பொது முறையில்) செய்யுங்கள். பழைய வரிகளை சுரதாவின் பொங்குதமிழ் என்ற இணைய மாற்றியில் போட்டு யுனிகோடாக்கலாம், மாற்றின பிறகு ஒரு தரம் வடிவாக வாசித்துப் பாருங்கள். பாமினி விசை ஒழுங்கிலேயே தட்டிப் பழகிய கை என்றால் கவலை இல்லை, என்எச்எம் ரைட்டர் போன்ற செயலிகளில் அதே ஒழுங்கில் தட்டி யுனிகோடு பெறலாம்.

யுனிகோடில் தட்டியும் பெட்டி பெட்டியாக வந்தால், தெரிவு செய்த எழுத்துருவில் தமிழ் இல்லை. நோட்டோ சான்ஸ் டமில், காட்டமரான், முக்த மலர், ஹிந்த் மதுரை, பாலூ தம்பி, மீரா இனிமை, கவிவனர், எல்லாம் கூகுள் எழுத்துருத் தொகுப்பில் இலவசமாக இருக்கின்றன. விண்டோஸில் ஏற்றும்போது எல்லாப் பயனாளருக்கும் என்ற தெரிவைக் கொடுங்கள், ஏற்றின பிறகு இங்க்ஸ்கேப்பை மூடித் திறவுங்கள், திறந்தபடியே இருந்தால் புது எழுத்துரு பட்டியலுக்கு வராமல் இருக்கலாம். மீரா இனிமையிலும் கவிவனரிலும் தடித்த வடிவம் கிடையாது, பனர் தலைப்புக்குத் தடிப்பு வேண்டுமென்றால் ஒன்பது தடிமன் உள்ள காட்டமரானை எடுங்கள்.

தலைப்பு எழுத்துக்கு வெள்ளைக் கரை போட்டால் ண, ஞ, இ போன்றவற்றின் சின்னச் சுழிகள் அடைபட்டு எழுத்தே விளங்காமல் போகும். கோடு எழுத்தின் ஓரத்துக்கு இரண்டு பக்கமும் சரிபாதியாக விழுவதால் வெளியே விழுந்த பாதி சுழியை அடைக்க, உள்ளே விழுந்த பாதி எழுத்தின் உடம்பைத் தின்றுவிடுகிறது. ஃபில் அண்ட் ஸ்ட்ரோக் பெட்டியில் ஸ்ட்ரோக் ஸ்டைல் பக்கத்தில் ஓர்டர் என்று ஒரு வரிசைப் பொத்தான்கள் இருக்கும், அதில் கோடு அடியிலும் உள் நிறம் மேலேயும் வருகிற ஒழுங்கைத் தெரிவு செய்தால் எழுத்தின் மேல் விழுந்த கரை பின்னுக்குப் போய் எழுத்தின் உடம்பு முழுசாகத் தெரியும். அதே இடத்தில் மூலைச் சேர்க்கையை வளைவானதற்கு மாற்றுங்கள், கூர் மூலைகளில் முள் முள்ளாக நீட்டிக்கொண்டு நிற்பது போய்விடும். வேலிகளில் கட்டியிருக்கிற பனர்களைப் பாருங்கள், இந்த இரண்டையும் செய்திருந்தால் எத்தனை தூரத்திலிருந்தே வாசிக்கலாம் என்று விளங்கும்.

எழுத்துக் கருவியால் பெட்டி இழுத்து அதற்குள் தட்டினால், பெட்டி கொள்ளாத வரி தெரியாது. அழியவில்லை, பெட்டியின் கீழ் மூலையைப் பிடித்து இழுங்கள், வரும். ஒரு வரித் தலைப்புக்குப் பெட்டி இழுக்காமல் சும்மா ஒரு கிளிக் பண்ணித் தட்டுவது நல்லது.

கடைக்குக் கொடுக்க முன் எழுத்தைப் பாத் ஆக்க வேண்டும், அதே கண்ட்ரோல்-ஷிஃப்ட்-சீ. அப்போது அங்கே எழுத்துரு இல்லாவிட்டாலும் ஒன்றும் மாறாது. ஆனால் பாத் ஆன பிறகு அது எழுத்து இல்லை, ஒரு கால் குறியைக்கூடத் (ா) திருத்த ஏலாது. எனவே எழுத்தாக இருக்கிற ஃபைலை அப்படியே வைத்துவிட்டு, 'கடைக்கு' என்று வேறு பெயரில் ஒரு நகல் சேமித்து அதில் மட்டும் செய்யுங்கள். கண்ணீர் அஞ்சலி நோட்டீஸ் ஒன்றில் பெயரோ ஊரோ பிழைத்திருக்கிறது என்று இரவு பத்து மணிக்கு அந்த வீட்டார் அழைத்தால் உங்களிடம் திருத்தக்கூடிய ஃபைல் இருக்க வேண்டும். துக்க வீட்டுக்காரரைக் காக்க வைக்கக் கூடாது.

படங்கள்

உங்கள் கணினியில் நன்றாகத் தெரிந்த போட்டோ கடையில் திறந்தால் சிவப்புக் குறியோடு வெறும் பெட்டியாக நிற்கிறதா? படத்தைச் சேர்க்கும்போது இங்க்ஸ்கேப் கேட்கும்: உள்ளே பதிக்கவா, இணைப்பு மட்டும் வைக்கவா என்று. இணைப்பு என்றால் உங்கள் கணினியில் அந்தப் படம் இருக்கிற முகவரி மட்டும்தான் ஃபைலுக்குள் போகிறது. எம்பெட் என்பதைத் தெரிவு செய்யுங்கள்.

போட்டோவை வட்டத்துக்குள் அடக்க, படத்துக்கு மேலே வட்டத்தை வைத்து, இரண்டையும் தெரிவு செய்து, ஒப்ஜெக்ட் மெனுவில் கிளிப் என்பதற்குள் போங்கள். மேலே இருப்பதுதான் வெட்டும் அச்சாகும். செய்ததும் படமே மறைந்துவிட்டால் வட்டம் அடியில் இருந்திருக்கிறது. திருப்பி எடுத்துவிட்டு, ஹோம் விசையால் வட்டத்தை மேலே கொண்டுவந்து மறுபடி செய்யுங்கள்.

பழைய சின்னத்தைப் போட்டோவிலிருந்து வெக்டராக்க (பாத்களால் ஆன கீறலாக மாற்ற) பாத் மெனுவில் ட்ரேஸ் பிட்மேப் இருக்கிறது. செய்து முடித்ததும் ஒன்றும் நடக்காத மாதிரி இருக்கும், ஏனென்றால் புதுப் பாத் அச்சொட்டாகப் பழைய படத்தின் மேலேயே உட்கார்ந்திருக்கும். இழுத்து ஒரு பக்கம் வையுங்கள், தெரியும். கறுப்பு வெள்ளைக் கோட்டுச் சின்னத்துக்கு இது நல்ல கருவி. முகம், கோபுரம், பல நிறம் கொண்ட படம் இவற்றுக்கு ஆயிரக்கணக்கில் புள்ளிகளைக் கொட்டும், கணினி திணறும், கிடைப்பதும் வடிவாக இராது. அந்த நேரத்தில் படத்தைப் பூட்டிய லேயரில் வைத்து அதன் மேல் கையால் கீறினால் கெதியாக முடியும்.

கடைக்குக் கொடுக்கும்போது

பெரும்பாலான பனர் மங்குவது கீறின பிழையால் இல்லை, வெளியே எடுத்த பிழையால். பிஎன்ஜியாக எடுக்கும்போது இங்க்ஸ்கேப் தானாக வைத்திருப்பது அங்குலத்துக்கு 96 புள்ளி. ஏ4 தாள் அதில் 794க்கு 1123 தான், திரைக்குப் போதும், அச்சுக்குக் காணாது. 300 வைத்தால் 2480க்கு 3508 வரும், நோட்டீஸுக்கு அது வேண்டும். ஆறடிக்கு நாலடி பனரை தூரத்தில் நின்று பார்ப்பதால் 100 போதும். உண்மை அளவில் தாளை வைத்திருந்தால் 7200க்கு 4800 வரும். கடையில் பிடிஎஃப் எடுப்பார்கள் என்றால் அதையே கொடுங்கள், கீறியது கோடாகவே போகும், எவ்வளவு பெருப்பித்தாலும் மங்காது. எடுக்கும்போது தாளா, தெரிவு செய்ததா என்பதைப் பார்த்து எடுங்கள். தாளுக்கு வெளியே நின்ற பகுதி வெட்டுப்படுவது இதில்தான்.

வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது சுருக்கிவிடும், நீங்கள் 300 வைத்ததெல்லாம் வீண். டொக்கியூமெண்ட் என்று சேர்த்து அனுப்புங்கள். நிறத்தையும் சொல்ல வேண்டும்: திரை ஒளியால் காட்டுகிற பளீர்ப் பச்சையையும் நீலத்தையும் மை அப்படியே தராது. பச்சை இல்லத்துக் கொடி சாம்பல் பச்சையாக வந்து பிள்ளைகள் முகம் வாடாமல் இருக்க, பெரிதாக அடிக்க முன் ஒரு சின்னத் துண்டு அடித்துக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். கேட்க வெட்கப்பட வேண்டாம், காசு கொடுப்பது நீங்கள்.

கரண்ட் போனால்

எடிட் மெனுவில் பிரிஃபரன்ஸ், அதற்குள் இன்புட் அவுட்புட், அதற்குள் ஓட்டோசேவ். இயங்குகிறதா என்று பார்த்து, இடைவெளியை மூன்று நிமிடமாகக் குறைத்துவிடுங்கள். நகல்கள் எந்தக் கோப்புறையில் விழும் என்பதும் அதே பக்கத்தில் எழுதியிருக்கும், அதை இப்போதே ஒரு தரம் திறந்து பார்த்து வையுங்கள். பழைய கணினி இழுபட்டால் வியூவில் டிஸ்ப்ளே மோடை நோ ஃபில்டர்ஸில் வைத்து வேலை செய்யுங்கள், நிழலும் மங்கலும்தான் அதிகம் இழுப்பது, ஃபைலுக்குள் அவை அப்படியே இருக்கும். பெட்டிகள் எல்லாம் குழம்பிப் பொத்தான்கள் காணாமல் போய், எதைத் தொட்டாலும் விசித்திரமாக நடந்தால், பிரிஃபரன்ஸில் சிஸ்டம் பக்கத்தில் ரீசெட் பிரிஃபரன்ஸ் என்று ஒரு பொத்தான் இருக்கிறது. அதை அமுக்கி, மூடி, திறந்தால் ஏற்றின அன்று இருந்த மாதிரி வரும். கீறிய ஃபைல்களுக்கு ஒன்றும் ஆகாது, ஆனால் ஓட்டோசேவ் இடைவெளியைத் திரும்ப மூன்றாக்க மறக்காதீர்கள்.